சுழிகீறலா, சுழிக்கீறலா?

ராமநாதபுரம், செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். அவசரம்.

வீட்டிலேயே கார் பெயின்டுக்குப் பாலிஷ் போடும் மெஷின் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் கொடுக்க வேண்டும். எல்லாம் ஓடிவிட்டது, ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஸ்வெர்ல் மார்க். கருப்புக் காரை வெயிலில் நிறுத்தினால், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியுமே, அதுதான். கையேட்டில் 31 இடத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் 'வட்ட வடிவ நுண்கீறல் தடங்கள்' என்று எழுதினால் பக்கம் கொள்ளாது. 'சுழிகீறல்' என்று போடலாமா?

கீழக்கரை, செவ்வாய் பகல்

அம்மா, கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லைத் தேடி அலைவானேன்? ஒரு சங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுரிந்திருப்பதால்தான், அதாவது சுழித்துச் சுருண்டிருப்பதால்தான், அதற்குச் சுரிமுகம் என்று பெயர். சுருண்ட கூந்தல் சுரிகுழல். கலிப்பாவின் கடைசி உறுப்பு சுரிதகம். நீர்ச்சுழி போலச் சுழித்து முடிவதால் வந்த பெயர் என்பார்கள். ஆகவே 'சுரிகீறல்'. சங்கு குளிக்கிறவர்கள் இருக்கும் ஊரில் இந்தச் சொல் பிறக்கட்டும். பின்குறிப்பு: இந்தக் கீறல் வலம்புரியா இடம்புரியா என்று கையேடு சொல்கிறதா?

பாம்பன், செவ்வாய் இரவு

அக்கா, நான் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். ஐயா கேட்டதற்குப் பதில்: நான் வலது கைக்காரன், வலம்புரியாகத்தான் தேய்ப்பேன். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் 'கோடு விழுந்திருச்சு' என்பார்கள், அவ்வளவுதான். ஸ்வெர்ல் மார்க் என்றே போட்டுவிடுங்கள். வாங்குகிறவன் கடையில் அதைத்தான் கேட்பான்.

சொல் எதுவானாலும் கையேட்டில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். இந்தக் கோடு மெஷினால் வருவதைவிடத் துணியால் வருவதுதான் அதிகம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினால் வண்டி மேல் மாவு தூவியது போல மணல் படிந்திருக்கும். அதைக் காய்ந்த துணியால் ஒரு தட்டு தட்டுவோம் பாருங்கள், அங்கேதான் ஆரம்பம். முதலில் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றி மணலை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணி அலசத் தண்ணீர். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிற்கும். அதைத் துடைக்கப் போய் இன்னும் நாலு கோடு விழும்.

பாலிஷ் போடும்போது நிழல் வேண்டும், பானட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் மெத்தென்ற பேடு, லேசான பாலிஷ், ஒரு சின்ன இடத்தில் மட்டும். கோடு போகவில்லை என்றால்தான் அடுத்த காம்பவுண்டு, அதாவது இன்னும் கொஞ்சம் கடுமையாகத் தேய்க்கும் பசை. நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிற கீறலை வீட்டில் தொடவே கூடாது. என் பழைய வண்டியில் விளிம்பு ஓரத்தில் ரொம்ப ஆசைப்பட்டு அழுத்தி, கீழே இருக்கும் பிரைமர் வரைக்கும் பார்த்துவிட்டேன்.

பரமக்குடி, புதன் காலை

பாம்பன் தம்பியின் அனுபவத்துக்கு வணக்கம், ஆனால் ஸ்வெர்ல் மார்க் வேண்டாம். இன்று ஒன்றை விட்டால் நாளை கையேடு முழுக்கத் தமிழ் எழுத்தில் ஆங்கிலம் இருக்கும்.

தறிக்காரர் ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: 'இழைக்கீறல்'. நூல் போல மெல்லிய கீறல். இன்னொரு நயமும் உண்டு. இழைத்தல் என்றால் தேய்த்தல். மரத்தை இழைக்கிறோம், சந்தனம் இழைக்கிறோம். இழைத்ததால் வந்த கீறல், இழை போன்ற கீறல், இழைத்தே போக்க வேண்டிய கீறல். மூன்றும் ஒரே சொல்லில். நேரிழை, ஆயிழை என்று அணிகலனுக்கும் இதுவே சொல்.

சுரிக்கு ஒரு தடை: அதற்குச் சேறு என்றும் பொருள் உண்டு.

கீழக்கரை, புதன் காலை

சேறு இருந்தால் என்ன? சேற்றோடு துடைத்ததால்தானே கீறல் வந்தது! தம்பி சொன்னதும் அதுதானே. என் சொல்லுக்கு இப்போது இரண்டு பொருத்தம். இழைக்கு மூன்று என்றீர்கள். அணிகலனையும் சேர்த்துக் கார்மேல் மாட்டாதீர்கள்.

தொண்டி, புதன் பகல்

நான் இயற்பியல் டீச்சர், இலக்கணத்தில் தலையிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஒரு தவறான காட்சியிலிருந்து சொல் எடுக்கிறீர்கள்.

அந்தக் கீறல்கள் வட்டமாக இருக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலும் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் சின்னக் கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை தெரிவதில்லை. அதனால் விளக்கைச் சுற்றி வளையம் போலத் தோன்றுகிறது. சோதனை எளிது: டார்ச்சை நகர்த்துங்கள், வளையமும் கூடவே நகரும். கீறல் நகருமா?

உப்பைப் பழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோஸ் அளவில் உப்பின் கடினம் 2.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. உப்பு தண்ணீரில் கரைந்தும் போகும், மணல் கரையாது. பெயின்டுக்கு மேலே இருக்கும் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதல்ல, சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடி மட்டத்துக்குத் தேய்த்து இறக்குவது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும். எண்ணெயால் கீறலை மறைக்கும் பாலிஷும் உண்டு. நாலு முறை கழுவினால் கீறல் திரும்பி வரும்.

இனி 'சுழிகீறல்'. ஒற்று இல்லாமல் எழுதினால் வினைத்தொகை: சுழித்த, சுழிக்கின்ற, சுழிக்கும் கீறல். அது பொய். 'சுழிக்கீறல்' என்று ஒற்றோடு எழுதினால் சுழியாகத் தோன்றும் கீறல் என்றாவது சமாளிக்கலாம். என் சொந்த விருப்பம் வெறும் 'நுண்கீறல்'.

பரமக்குடி, புதன் மாலை

டீச்சர் இலக்கணமும் சரியாகத்தான் சொல்கிறார், ஊறுகாயில் ஒற்று வராததுபோல. ஆனால் நுண்கீறல் என்றால் எல்லாச் சின்னக் கீறலும் அடங்கிவிடும். சுழிக்கோ வேறு ஆபத்து. சுழி என்றால் பூச்சியம். 'சுழிக்கீறல் கார்' என்று விளம்பரம் போட்டால் கீறலே இல்லாத கார் என்று வாங்கிவிடுவான்.

பாம்பன், புதன் இரவு

மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார்கள். இனி பழைய கார் வாங்கும்போதும் சுழி பார்க்கலாம். அக்கா, எனக்குச் சுழி புரிகிறது, ஸ்டாண்டில் சொன்னேன், அவர்களுக்கும் புரிந்தது. இழை என்றதும் 'எங்கே நூல்?' என்று கேட்டார்கள். சுரிக்கு யாரும் வாயே திறக்கவில்லை.

கீழக்கரை, புதன் இரவு

'கடிசொல் இல்லை காலத்துப் படினே' என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார்: காலப்போக்கில் வழக்கில் படிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் தள்ள வேண்டியதில்லை. ஸ்டாண்டில் இருப்பவர்கள் ஒரு மாதம் சொன்னால் சுரியும் படியும். இருந்தாலும் நாளை கெடு என்பதால் நான் தடுக்கவில்லை. வாக்கு மட்டும் சுரிக்கே.

ராமநாதபுரம், வியாழன் மதியம்

எல்லோருக்கும் நன்றி. கண் எரிகிறது. 31 இடத்திலும் 'சுழிக்கீறல்' என்று ஒற்றோடு போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் டீச்சருடைய டார்ச் விளக்கத்தை இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். தம்பியின் இரண்டு வாளியும் எச்சரிக்கைப் பெட்டிக்குள் போய்விட்டது.

ராமநாதபுரம், அடுத்த திங்கள்

அச்சுப் படி வந்தது. யாரோ மெய்ப்புப் பார்க்கிறேன் என்று எல்லா ஒற்றையும் எடுத்துவிட்டார்கள். 'சுழிகீறல்' என்றே போயிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில், 17ஆம் பக்கத்தில், 'சுழிக்கீறல்' தப்பித்திருக்கிறது.

தொண்டி, திங்கள் இரவு

17ஆம் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். மற்ற 30க்கும் என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

கீழக்கரை, செவ்வாய் காலை

சுரிவளை என்று இன்னொரு சொல் கிடைத்திருக்கிறது. விரிவாக மாலையில் எழுதுகிறேன்.