மறுமொழி: ‘லீக் ரேட்’டுக்கு ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்பதன இயந்திரங்களுக்கான பராமரிப்புப் பதிவேட்டைத் தமிழாக்கும் வேலை ‘லீக் ரேட்’ என்ற கட்டத்தில் வந்து நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: கசிவு வீதம், கசிவு விகிதம், கசிவு வேகம், ஒழுக்கு வீதம். இவற்றில் எது நல்ல தமிழ் என்ற பேச்சு நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதப்போகும் எண் எதை அளக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

முதலாவது சோதனை மேடையில் பிறப்பது. ஓர் இணைப்பிலோ வால்விலோ குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். ஹீலியம் சோதனைக் கருவி அதை வினாடிக்கு இத்தனை மில்லிபார்-லிட்டர் என்று காட்டும்; குளிர்பதனத் துறையினர் ஆண்டுக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃப்ளோரின் வாயு ஒழுங்குமுறையில், முற்றாக மூடி முத்திரையிட்ட கருவி எது என்பதற்கு இந்த அளவில்தான் இலக்கணம் இருக்கிறது: தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தில் குறைந்தது கால் பங்கு அழுத்தத்தில் சோதித்தால், ஆண்டுக்கு 3 கிராமுக்குக் குறைவாகக் கசிய வேண்டும். இங்கே அளக்கப்படுவது உண்மையான கசிவு.

இரண்டாவது பதிவேட்டில் பிறப்பது. இதில் கசிவை யாரும் அளப்பதில்லை. மெக்கானிக் வருகிறார், கேஸ் குறைந்திருக்கிறது என்கிறார், சிலிண்டரை எடைத் தராசில் வைத்து ஏற்றுகிறார், ஏற்றிய கிலோவை எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் கிலோவிலிருந்து கணக்குப் போட்டு வருவதுதான் சட்டம் கேட்கும் ‘லீக் ரேட்’.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. ஓர் இயந்திரத்தின் முழு நிரப்பு, அதாவது அது சரியாக இயங்கத் தேவையான மொத்த வாயு, 200 கிலோ என்று வையுங்கள். புதிதாக நிறுவி முதன்முதலாக நிரப்பியதிலிருந்து 73 நாள் கழித்து 10 கிலோ ஏற்றுகிறார்கள். முதல் வழியில், 10ஐ 200ஆல் வகுத்தால் 5 விழுக்காடு. அதை 365 நாளுக்கு விரித்தால் 25 விழுக்காடு. இரண்டாவது வழியில், கடந்த 365 நாளில் ஏற்றியதையெல்லாம் கூட்டி முழு நிரப்பால் வகுக்க வேண்டும். முதல் நிரப்பு இதில் சேராது; வேறு எதுவும் ஏற்றவில்லை என்பதால் விடை வெறும் 5. இயந்திரம் ஒன்று, வெளியே போன வாயு ஒன்று, ‘லீக் ரேட்’ மட்டும் ஐந்து மடங்கு வேறு. அந்த முகமையின் வரம்பு 2019 தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைச் செய்முறைக் குளிர்பதனத்துக்கு 30 விழுக்காடு, வணிகக் குளிர்பதனத்துக்கு 20, ஆட்கள் இருக்கும் இடங்களின் ஏசிக்கு 10. மேலே சொன்ன இயந்திரம் வணிகக் குளிர்பதனம் என்றால், ஒரு வழியில் கணக்கிட்டால் வரம்பைத் தாண்டிப் பழுதுபார்க்கும் கடமை வந்துவிடும். இன்னொரு வழியில் ஒன்றுமில்லை. நினைத்த நேரத்தில் வழியை மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஓர் ஆலையில் எதைத் தேர்ந்தாலும் எல்லாக் கருவிக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், இதைக் ‘கசிவு வேகம்’ என்று எழுதினால் பதிவேட்டை நிரப்புகிறவர் என்ன நினைத்துக்கொள்வார்? ஏதோ கருவி வைத்து அளக்கச் சொல்கிறார்கள் என்றுதானே?

> “கசிவு வீதம் என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே. நுணுக்கம் பார்த்தால் ஒரு சொல்லும் தேறாது.”

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. பதிவேட்டு எண்ணில் கசிவு மட்டும் இல்லை. குழாயைக் கழற்றும்போது போனது, ஹோஸில் தங்கியது, காற்றை வெளியேற்றும்போது கூடவே போனது எல்லாம் அடுத்த முறை ஏற்றும் கிலோவில் வந்து சேரும். எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய இயந்திரங்களில் திரவம் சேரும் தொட்டி ஒன்று இருக்கும். கசிவு தொடங்கியதும் முதலில் அந்தத் தொட்டியின் மட்டம்தான் இறங்கும். குளிர்ச்சி குறையாது, யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். அந்த மாதங்களில் கசிவு இருக்கும், பதிவேட்டில் எண் சுழி. ஆக, கசிவும் பதிவேட்டு எண்ணும் ஒன்றையொன்று பின்தொடர்கின்றனவே தவிர, ஒன்றல்ல.

ஆகவே என் பரிந்துரை இது. கருவியால் அளப்பதற்குக் கசிவு வேகம். பதிவேட்டில் கணக்கிடுவதற்கு ஆண்டு இழப்பு வீதம். இழப்பு என்பது கணக்குச் சொல். எங்கே போனது, எப்படிப் போனது என்று அது உறுதி சொல்வதில்லை. இந்த எண்ணுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

எதிர்பார்க்கும் மறுப்பு ஒன்று: சட்டம் பழுதுபார்க்கச் சொல்வது கசிவைத்தானே, இழப்பை அல்லவே? சரிதான். அதனால்தான் கசிவு என்ற சொல்லை அந்த இடத்துக்காக மிச்சம் வைக்கச் சொல்கிறேன். ‘ஆண்டு இழப்பு வீதம் 20ஐத் தாண்டினால் கசிவைக் கண்டறிந்து 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். எண் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம் என்று வாக்கியமே பிரித்துக் காட்டிவிடுகிறது.

வீதமா விகிதமா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது, வீதம் காலத்தைச் சார்ந்தது என்று பாடப்புத்தகப் பழக்கம் இருப்பதால் வீதம் என்றேன். ‘ஒழுக்கு’ ஈழத்தில் நன்றாக வழங்கும் சொல் என்று தெரியும். கூரைக்கும் குழாய்க்கும் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் வாயு ஒழுகுகிறது என்று அங்கேயும் சொல்வார்களா? வாயுக் கசிவு என்பது செய்தித்தாள் வரை ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம்.

வாயுவா வளிமமா என்ற கிளை விவாதத்தைத் தயவுசெய்து இன்னொரு இழைக்குக் கொண்டுபோங்கள். வாயு என்றால் வயிறுதான் நினைவுக்கு வருகிறது என்று எழுதியவருக்கு: கம்ப்ரசர் பக்கத்தில் நின்று படிக்கிறவருக்கு வராது.

அடுத்து, கணக்கில் வகுக்கும் எண். ‘ஃபுல் சார்ஜ்’ என்பதற்கு ஒரு வரைவில் ‘முழுக் கட்டணம்’ என்று இருந்தது. எந்த மென்பொருள் தந்ததோ. மின்னேற்றம் என்று எழுதியவர் குறைந்தபட்சம் யோசித்திருக்கிறார், ஆனால் அதுவும் ஆகாது. முழு நிரப்பு என்பதே போதும். ஏற்றுவதற்குத் தளத்தில் ‘கேஸ் அடிக்கிறது’, ‘டாப்-அப்’ என்கிறார்கள். பதிவேட்டில் ஈட்டு நிரப்பு என்று போடலாம், போன வாயுவை ஈடுசெய்வதால். ‘மீள்நிரப்பு’ வேண்டாம் என்பேன். முழுவதும் காலிசெய்து புதிதாக ஏற்றுவதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

முழு நிரப்பும் பெயர்த்தகட்டில் அச்சிட்ட அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தகட்டில் இருப்பது உற்பத்தியாளர் குறித்தது. தளத்தில் குழாய் நீண்டால் நிரப்பும் கூடும். அதனால்தான் முழு நிரப்பைக் கண்டறிய உற்பத்தியாளர் தரும் அளவு, கணக்கீடு, நேரடி எடை, இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று வரம்பு வைத்து நிறுவுதல் என்று பல வழிகளை விதிகள் ஏற்கின்றன. தகட்டில் உள்ளதற்குத் தகட்டளவு என்று தனிச் சொல் வைக்கலாம். ‘பெயர்ப்பலகைக் கொள்ளளவு’ கடை வாசலை நினைவூட்டுகிறது.

தகட்டளவு உண்மையில் உயிர்நாடியாக இருப்பது மின் துறையில். உயர் அழுத்த மின் இணைப்புச் சாதனங்களில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற மின்காப்பு வாயு இருக்கும். ஐபிசிசி என்ற பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் நான்காம் மதிப்பீட்டின்படி, நூறாண்டுக் காலக் கணக்கில் ஒரு கிலோ அந்த வாயு 22,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒப்பிட, குளிர்பதன வாயுக்களில் ஆர்-404ஏ 3,922, ஆர்-134ஏ 1,430. இதில் ஒரு நிறுவனம் ஆண்டு முழுதும் இழந்ததை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: கிடங்கு இருப்பில் குறைந்தது, கூட்டல் வாங்கியது, கழித்தல் வெளியே கொடுத்தது, கழித்தல் சாதனங்களின் மொத்தத் தகட்டளவில் நிகரமாகக் கூடியது.

எண் போட்டுப் பார்க்கலாம். இருப்பு 120 கிலோவிலிருந்து 90ஆகிவிட்டது; 40 வாங்கினார்கள்; 10 திருப்பி அனுப்பினார்கள்; 60 கிலோ தகட்டளவுள்ள புதுச் சாதனங்கள் வந்தன, 15 கிலோ அளவுள்ள பழையவை போயின. 30 கூட்டல் 40, கழித்தல் 10, கழித்தல் 45. மிச்சம் 15 கிலோ. அதுதான் காற்றில் போனது, 342 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு கசிவையும் யாரும் பார்க்கவில்லை, கருவி எதையும் காட்டவில்லை.

> “மாஸ் பேலன்ஸ் = நிறைச் சமநிலை முறை. டிராக்கிங் = தடமறிதல்.”

பாடநூலுக்கு நிறைச் சமநிலை இருக்கட்டும். பதிவேட்டுக்கு வாயு வரவு செலவு என்று எழுதினால் யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழில் கணக்கு எழுதுகிறவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த அதே வேலை. ‘தடமறிதல்’ பார்சல் எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் இருக்கிறது. இங்கே வாயு போகும் தடத்தை யாரும் அறிவதில்லை, விடுபட்ட கிலோவைத்தான் அறிகிறார்கள். இழப்பு என்ற சொல்லும் இந்தக் கணக்கு மொழியோடு தானாக ஒட்டிக்கொள்கிறது.

வெளியே எடுக்கும் வாயுவுக்கான மூன்று சொற்களில் இரண்டு எளிது. சாதனத்திலிருந்து சிலிண்டருக்கு எடுப்பது மீட்டெடுப்பு. எண்ணெயும் ஈரமும் நீக்கி, வடிகட்டி, மறுபடி பயன்படுத்துவது மறுசுழற்சி, அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மூன்றாவதுதான் சிக்கல்: புது வாயுவுக்குரிய தூய்மைக்குக் கொண்டுவந்து, சோதித்துச் சான்றளிப்பது. ‘மீட்சி’, ‘மீளாக்கம்’ என்று வந்த பரிந்துரைகள் முதல் இரண்டோடு கலந்துவிடுகின்றன. மூன்றும் ‘மீ’, ‘ம’ என்று தொடங்கினால் கட்டம் மாற்றி எழுதுவது நிச்சயம், கையில் கிரீஸோடு நின்று நிரப்புகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். புதுத்தரமாக்கல் என்று வைக்கலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சட்டம் எதைக் கேட்கிறதோ அதைச் சொல்கிறது.

எத்தனை மாதத்துக்கொரு முறை கசிவுச் சோதனை செய்ய வேண்டும் என்ற பத்தி பற்றியும் ஒன்று. அதில் ‘கருவியின் அளவு’ என்று மொட்டையாக விடக் கூடாது. ஐரோப்பிய ஒழுங்குமுறையில் ஹெச்எஃப்சி வாயுக்களுக்கு (ஆர்-404ஏ, ஆர்-134ஏ இந்த வகைதான்) எல்லை கிலோவில் இல்லை, கார்பன் டை ஆக்சைடுச் சமானத்தில் இருக்கிறது: 5 டன்னிலிருந்து ஆண்டுக்கொரு முறை, 50 டன்னிலிருந்து ஆறு மாதத்துக்கொரு முறை, 500 டன்னிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை. தானியங்கிக் கசிவு உணர்வி இருந்தால் இடைவெளி இரட்டிக்கும். ஆர்-404ஏ ஒன்றேகால் கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலே முதல் எல்லை வந்துவிடும். ஆர்-134ஏ என்றால் மூன்றரைக் கிலோ வேண்டும். எனவே கட்டத்தின் தலைப்பு சமான டன் என்று இருக்கட்டும், பக்கத்தில் கிலோவுக்குத் தனிக் கட்டம்.

‘ஃபியூஜிடிவ் எமிஷன்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘தப்பியோடும் உமிழ்வு’ காவல் நிலையத்துக்குப் போகிறது. ‘கசிவுவழி உமிழ்வு’ என்றால், மேலே நான் சொன்ன காரணத்தாலேயே பாதிதான் சரி, பராமரிப்பின்போது போவது விடுபடும். புகைபோக்கி போன்ற உரிய வாய் வழியாக வராத உமிழ்வு என்ற பொருள் வர வேண்டும். ‘வாயிலா உமிழ்வு’ என்று ஒன்று தோன்றியது. வாயில் இல்லாததா, வாய் இல்லாததா என்று குழப்புமோ என்று தயங்குகிறேன். ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் யாராவது அங்கே பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், அதிலிருந்து தொடங்கலாம்.