வாய் திறந்த பெட்டி

பிழைக்கப் போன இடத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு பழகிய நம்மவர்கள் நாலு பேர் சொன்னது.

துபாய், சத்வா:

இரண்டு வருஷம் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, இருந்தேன். எங்கள் அறையில் நாலு பேர், எதிர் அறையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆறு பேர். துபாயில் அவர்களை எல்லோரும் ‘கபயான்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுடைய தகலாக் மொழியில் நம்மூர்க்காரர் என்று அர்த்தம். அவர்களுக்குள் கூப்பிட்டுக்கொண்ட சொல்லை நாமும் எடுத்துக்கொண்டோம்.

அந்த அறை மூலையில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாய் திறந்தபடி கிடக்கும். யாரோ காலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். மாதங்கள் போயின, பெட்டி போகவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது, அது பாலிக்பயான் பெட்டி. கப்பலில் ஊருக்குப் போகும். எடைக்குக் காசில்லை, பெட்டிக்குத்தான். அதனால் காற்றுப் புகக்கூட இடம் விடமாட்டார்கள். ஷூவுக்குள் சாக்லேட், சந்துகளில் சோப்பு, சுற்றிலும் துண்டு, அடியில் டின் மாட்டிறைச்சி. நாம் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் பெட்டி கட்டுவோம், 30 கிலோ தாண்டினால் ஏர்போர்ட்டில் பிரித்துப் போட்டு முழிப்போம். அவர்கள் வருஷம் முழுக்கக் கட்டுகிறார்கள், ஆள் போகாமலே பெட்டி போய்ச் சேருகிறது.

ஒருநாள் அங்கிருந்த மூத்தவர் என்னைக் கூப்பிட்டுப் புது ஷூவைக் காலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். மகனுக்கு வாங்கியது. பார்த்து நாலு வருஷம் ஆகிறது. “அவனையே அளவு கேட்கலாமே குயா” என்றேன். “கேட்டால் தெரிந்துவிடுமே” என்றார். வீடியோ காலில் முகம் தெரியும், பாதம் எங்கே தெரிகிறது?

சிங்கப்பூர்:

குயா என்றால் அண்ணன். அக்காவுக்கு ‘ஆத்தே’. ஞாயிற்றுக்கிழமை பிலிப்பைன்ஸ்காரர்கள் கூடும் ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் நாலா பக்கமும் ஆத்தே, ஆத்தே என்று கேட்கும். முதல் தடவை, மதுரைக்காரி யாரோ எதையோ பார்த்து அதிர்ந்துவிட்டாள் போல என்று திரும்பிப் பார்த்தேன்! பணம் அனுப்பும் கவுண்டரில் வரிசை, பக்கத்திலேயே சாப்பாடு, போன் கார்டு. லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமையேதான், பாஷை மட்டும் வேறு.

கப்பல் ஃபிட்டர், தூத்துக்குடி:

நான் வேலை பார்த்த எந்தக் கப்பலிலும் பிலிப்பைன்ஸ்காரர்கள் இல்லாமல் இருந்ததில்லை. உலகம் முழுக்கக் கப்பல் ஓடுவதே அவர்களை நம்பித்தான். கரோக்கி மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது, அது தனிக் கதை. எனக்குப் பிடித்தது அவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு விதி. அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 சதவீதம் மாதாமாதம் நேராக வீட்டுக்குப் போய்விடும். எங்கள் போசன், அதாவது மேல்தள ஆட்களின் தலைவர், சிரித்துக்கொண்டே சொல்வார், “சம்பளம் மனைவிக்கு, ஓவர்டைம் எனக்கு.”

ஷார்ஜா:

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் அவர்களுக்குச் ‘சிம்பாங் கபி’, கிறிஸ்துமசுக்கு முந்தைய பூசைகள். ஊரில் விடியற்காலையில் நடக்கும். பூசை முடிந்தால் ‘புத்தோ பும்போங்’ சாப்பிடவேண்டுமாம். பக்கத்து ஃபிளாட் ஆத்தே அதற்காக எங்களிடம் புட்டுக்குழாய் இரவல் கேட்டார். மூங்கில் குழாயில் அரிசிமாவை அவிப்பது அவர்கள் வழக்கம். வந்த பண்டத்தைப் பார்த்தால் நம் குழாய்ப்புட்டு ஊதா நிறத்தில் நிற்கிறது, மேலே தேங்காய்த்துருவல், சர்க்கரை, வெண்ணெய். மாங்காய்க்கு அவர்கள் ‘மங்கா’ என்பார்கள், நம் சொல்தான் மலாய் வழியாக அங்கே போயிருக்கிறது. அந்தக் குழாய் இன்னும் திரும்பி வரவில்லை.

சத்வாக்காரரே, ஷூ பொருந்தியதா?

துபாய், சத்வா:

இல்லை. பெட்டி போய்ச் சேரவே ஒன்றரை மாதம். பையனுக்கு என்னைவிட இரண்டு அளவு பெரிய கால். ஷூ சித்தப்பா மகனுக்குப் போய்விட்டது. அடுத்த பெட்டிக்குக் குயா என்னைக் கூப்பிடவில்லை, எங்கள் அறையிலேயே உயரமான கும்பகோணத்துப் பையனைக் கூப்பிட்டார்.