புதுப்பிப்பு: பெர்த்ஷயர் (ஸ்காட்லாந்து) பழைய கல்வீட்டுச் சுவரில் ஈரம் (தீர்ந்தது)

மேற்குச் சுவர் ஊறுவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "வெளியே இருக்கும் சிமென்ட் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள்" என்ற யோசனைதான். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்; சுண்ணாம்பு அதை வெளியேற விடும். ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் ரசாயனம் ஏற்றலாம் என்ற ஒப்பந்தக்காரரை அனுப்பிவிட்டேன். உள்ளே கல்லும் சல்லியுமாக நிரப்பிய தடிச்சுவருக்கு அது எப்படிச் சரிப்படும்?

ஸ்காட்லாந்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் 'பி' வகையாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் முதலில் கவுன்சில் அனுமதி. பிறகு கையுளியால் கொத்தி எடுத்தோம். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு சரியாக இறுகாது, உறைபனி பட்டால் உதிர்ந்தும் விடும். அதனால் மே வரை பொறுத்து, பூசியபின் ஈரச்சாக்கு போர்த்தினோம்.

எதிர்பாராதது: சிமென்ட்டுக்குப் பின்னால் கல் வைத்து அடைத்த பழைய ஜன்னல்! அதன் மேல்கட்டை உளுத்திருந்தது. செலவில் பெரும்பங்கு அதற்கே போனது.

பூஞ்சை வாடை போய்விட்டது. சுவர் முழுதாக உலர இன்னும் பல மாதம் ஆகும். அதுவரை உள்பக்கம் பெயின்ட் அடிப்பதாக இல்லை.