மூன்று படம் வந்தாலே ட்ரைலஜியா?

ரீல்பெட்டி:
படப் பட்டியல் ஒன்றுக்கு வகைப்பெயர் போட வேண்டியிருக்கிறது. ‘சிங்கம்’ 2010, 2013, 2017 என்று மூன்று படம். சத்யஜித் ராயின் அபு படங்களும் மூன்று. இரண்டையும் ட்ரைலஜி என்ற ஒரே தலைப்பில் வைக்கலாமா?

நிழலாட்டம்:
வைக்காதீர்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் படத்தில் தொடங்கியது மூன்றாவதில் முடிகிறதா என்று பாருங்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) அபு அக்காவைப் பறிகொடுக்கும் சிறுவன். ‘அபராஜிதோ’வில் (1956) காசியில் அப்பா இறந்துபோகிறார், பிறகு ஊரில் அம்மா. ‘அபுர் சன்சார்’ (1959) அவன் தன் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதோடு முடிகிறது. முந்தைய சாவுகளைப் பார்க்காதவருக்கு அந்தக் கடைசிக் காட்சியின் கனம் பாதிதான் புரியும்.

‘சிங்கம்’ நாயகன் துரைசிங்கத்துக்கோ படத்துக்குப் படம் புது வில்லன். முதல் படத்தின் கடைசியில் கிடைத்த ரகசியப் பணிக்காகத்தான் இரண்டாவதில் தூத்துக்குடிப் பள்ளியில் என்.சி.சி. பொறுப்பாளராக இருக்கிறார், அந்த முடிச்சு உண்மைதான். மூன்றாவதில் அப்படி எதுவும் நிறைவுக்கு வரவில்லை, நாளைக்கே நான்காவது வந்தாலும் பொருந்தும். அது படவரிசை.

ரீல்பெட்டி:
முன்கூட்டியே மூன்று என்று திட்டமிட்டிருக்க வேண்டாமா?

நிழலாட்டம்:
தேவையில்லை. ராய் முதல் படம் எடுத்தபோது மூன்று என்று முடிவு செய்திருக்கவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ‘பரஷ் பதர்’, ‘ஜல்சாகர்’ என்று வேறு இரண்டு படம் எடுத்தார்.

மூன்றாம்மணி:
நிழலாட்டம் சொல்லும் அளவுகோல் ராயின் கல்கத்தா ட்ரைலஜிக்கே பொருந்தாதே! ‘பிரதித்வந்தி’, ‘சீமாபத்தா’, ‘ஜன ஆரண்யா’ மூன்றிலும் ஆட்கள் வேறு, கதை வேறு. வேலையும் பணமும் படித்த இளைஞர்களை என்ன செய்கின்றன என்பதுதான் பொது. இவற்றைக் கருப்பொருள் ட்ரைலஜி என்று குறித்துவிடுங்கள். எந்த வரிசையிலும் பார்க்கலாம். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் நீலம், வெள்ளை, சிவப்பு (1993–94) படங்களும் இந்த வகைதான். ஆனால் சிவப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், கப்பல் விபத்தில் தப்பியவர்களாக மூன்று படத்து நாயக நாயகியரும் அதன் முடிவில் வருகிறார்கள்.

ரீல்பெட்டி:
அப்போ ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’?

மூன்றாம்மணி:
இதுவரை சொன்ன எந்த வகையிலும் சேராது. நாயகன் படத்துக்குப் படம் மாறுகிறான். போலீஸ் அதிகாரி பிஜாய் ‘கைதி’யிலிருந்து ‘விக்ரம்’ படத்துக்கும், கான்ஸ்டபிள் நெப்போலியன் ‘லியோ’வுக்கும் வருகிறார்கள், அவ்வளவுதான். ‘பொது உலகம்’ என்று தனித் தலைப்பு போடுங்கள். இன்னொன்று: எதற்கும் வெறுமனே ‘தொடர்’ என்று எழுதாதீர்கள், தேடுகிறவர் டிவி சீரியல் என்று நினைத்துவிடுவார்.