புதுப்பிப்பு: 'ப்ளிசர்ட் ஒஃப் ஓஸ்' சிடியில் பாஸ் வேறு மாதிரிக் கேட்டதற்கான காரணம்

போன மாதம் திருகோணமலையிலிருந்து கேட்டிருந்தேன்: ரொக் பாடகர் ஓஸி ஓஸ்போர்னின் 'ப்ளிசர்ட் ஒஃப் ஓஸ்' சிடி வாங்கினேன், சித்தப்பாவின் பழைய கசெற்றில் கேட்டுப் பழகிய பாஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் அதில் இல்லை, ஸ்பீக்கர் பழுதா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வயரை மாற்றினேன், ஈக்வலைசரையும் திருகிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. "பின்னட்டையில் ஆண்டைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. என்னுடையது 2002 வெளியீடு. 1980இல் வெளிவந்த இசைத்தட்டில் வாசித்த பொப் டெய்ஸ்லி (பாஸ்), லீ கெர்ஸ்லேக் (ட்ரம்ஸ்) இருவரின் பகுதிகளையும் நீக்கிவிட்டு, பாஸுக்கு ரொபர்ட் ட்ருஹியோவையும் ட்ரம்ஸுக்கு மைக் போர்டினையும் புதிதாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். இவர்களும் பெரிய திறமைசாலிகள்தான். ஆனாலும் ராண்டி ரோட்ஸின் கிற்றாரோடு இழைந்து போவது அந்தப் பழைய இருவரின் வாசிப்புத்தான். அதை எடுத்திருக்கவே கூடாது.

2011 மறுவெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்பி வந்திருக்கிறது. மச்சான் கொழும்பிலிருந்து வாங்கி வந்தார். உவர்மலை வீட்டில் சித்தப்பாவோடு இருந்து கேட்டேன். 'மிஸ்டர் குரோலி' பாட்டு முடியும்வரை அவர் பேசவில்லை. அப்புறம் "இதுதானடா அது" என்றார்.

எதிர்பாராத ஒன்று: 'குட்பை டு ரொமான்ஸ்' பாட்டு கிற்றாரும் குரலும் மட்டுமாக இன்னொரு தடவை அதில் இருக்கிறது. ரோட்ஸின் ஒவ்வொரு விரலசைவும் கேட்கிறது. அன்றிரவே மூன்று முறை போட்டோம்.

ஓஸியின் அடுத்த இசைத்தட்டான 'டயரி ஒஃப் எ மேட்மேன்' தேடுபவர்களும் 2002 பதிப்பை வாங்காதீர்கள், அதிலும் இதே மாற்றம்தான்.