நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை: போயே ஆக வேண்டுமா?

ஊர்சுற்றி:
டிசம்பரில் ஜெர்மனி போகிறவர்கள் பட்டியலில் முதலில் இருப்பது நியூரம்பெர்க் சந்தை. சனிக்கிழமை சாயங்காலம் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் நின்று பாருங்கள், கால் வைக்க இடமிருக்காது. குளூவைன் (மசாலா சேர்த்த சூடான ஒயின்) வாங்க வரிசை, குவளைக்கு முன்பணம் வேறு. காசு பிடுங்கும் ஏற்பாடு என்பேன்.

பனிமனிதன்:
சனிக்கிழமை போய்விட்டுக் கூட்டம் என்றால் எப்படி? வார நாளில் காலையில் போங்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணமும் திரும்பி வரும், இதில் பிடுங்கல் எங்கே? அங்கே ‘ட்ஸ்வெட்ஷ்கென்மென்லே’ என்று ஒரு பொம்மை விற்பார்கள். உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கை கால், வால்நட் (அக்ரூட்) கொட்டையில் முகம் வரைந்து தலை, மேலே துணிச் சட்டை. அதைப் பார்க்கவே போகலாம்.

ஊர்சுற்றி:
பொம்மை சரி. இந்தச் சந்தையைப் 'பழம்பெரும் பாரம்பரியம்' என்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சந்தையைச் சதுக்கத்தை விட்டே நகர்த்திவிட்டார்கள். 1933இல் திரும்பக் கொண்டுவந்தது நாஜி நிர்வாகம். தேவாலய மாடத்தில் கிறிஸ்ட்கிண்ட் (கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவரும் தேவதை வேடமிட்டவர்) நின்று திறந்து வைப்பதும் அப்போது வந்ததுதான். எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பது அதைத்தான்!

பனிமனிதன்:
அதை யாரும் மறைக்கவில்லையே. போருக்குப் பிறகு 1948இல் மறுபடி தொடங்கியபோது திறப்புரையைப் புதிதாக எழுதினார்கள். 1969 முதல் ஊர்ப் பெண்களில் ஒருவரை இரண்டு வருடத்துக்குக் கிறிஸ்ட்கிண்டாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தையின் வயதுக்குச் சான்றாக 1628 என்று எழுதிய மரப்பெட்டி ஒன்று அந்த ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

ஊர்சுற்றி:
வயதுதான் பேச்சு என்றால் டிரெஸ்டன் போங்கள், அந்த ஊர்ச் சந்தை தொடங்கியது 1434இல்.

பனிமனிதன்:
அண்ணே, டிரெஸ்டனில் அன்றைக்கு நடந்தது ஒரே ஒரு நாள் இறைச்சிச் சந்தை. இன்றைக்கு அது மட்டும் அப்படியேவா இருக்கிறது? அது நடக்கும் ஆல்ட்மார்க்ட் சதுக்கத்திலும் இதே கூட்டம்தான்.

தின்பண்டப்பிரியை:
சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. லேப்குகனில் (மசாலா மணக்கும் கிறிஸ்துமஸ் கேக்) 'எலிசன்' என்று போட்டதைத் தேடி வாங்குங்கள். அதில் கொட்டைப் பருப்பு குறைந்தது 25%, மாவு 10%க்கு மேல் கூடாது. பன்னுக்குள் விரல் நீளத்தில் மூன்று சாசேஜ் வைத்துத் தருவார்கள், பன்றி இறைச்சி, வேண்டாதவர்கள் கவனம்.

ஊர்சுற்றி:
லேப்குகன் ஊருக்குள் கடையில் வருடம் முழுக்கக் கிடைக்கும், அதற்காக இடிபட வேண்டாம். போயே தீருவேன் என்பவர்களுக்கு: 24ஆம் தேதி மதியம் 2 மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று போய் நிற்காதீர்கள்.