இன்சர்ட், ஃபுல் ஃப்ரேம்: ஜன்னல் மாற்றும் இரு முறைகளுக்குத் தமிழ்ச்சொல்

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

வணக்கம்.

பழைய ஜன்னலை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்கும் கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறேன். அதில் இரண்டு சொற்கள் இன்னும் படியவில்லை.

ஒரு முறையில் பழைய நிலை, அதாவது சுவரில் ஊன்றிய வெளிச்சட்டம், அப்படியே இருக்கும். கதவுகளையும் ஓரப்பட்டையான பீடிங்கையும் கழற்றிவிட்டு, அந்த நிலைக்கு உள்ளே புதிய ஜன்னலைத் தன் சொந்தச் சட்டத்தோடு வைத்து முடுக்குவார்கள். இதை இன்சர்ட் என்கிறார்கள். இன்னொரு முறையில் பழைய நிலையையும் எடுத்துவிடுவார்கள். சுவரின் விளிம்பு தெரியும்படி திறந்து, புது நிலையோடு ஜன்னல் வைப்பார்கள். இது ஃபுல் ஃப்ரேம்.

வரைவில் ‘பகுதி மாற்று’, ‘முழு மாற்று’ என்று போட்டிருக்கிறேன். பத்தி இப்படிப் போகிறது:

“நிலை உறுதியாக இருந்தால் பகுதி மாற்று போதும். சுவர்ப்பூச்சு உடையாது, வேலையும் விரைவில் முடியும். நிலை உளுத்தோ கோணியோ இருந்தால் முழு மாற்று செய்ய வேண்டும்.”

படிப்பவருக்கு இது போதுமா? ஜன்னலைச் சுற்றி வைத்து மழைநீரை வெளியே திருப்பிவிடும் ஃப்ளாஷிங் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். கணினி மொழிபெயர்ப்பு ஒன்று ‘ஒளிர்தல்’ என்று தருகிறது. அதை அச்சில் விட முடியாது.

அன்புடன்.

———

அனுப்புநர்: தச்சுத்தொழில் பயிற்றுநர்

> வரைவில் ‘பகுதி மாற்று’, ‘முழு மாற்று’ என்று போட்டிருக்கிறேன்.

வணக்கம் ஐயா. ‘பகுதி மாற்று’ வேண்டாம். எந்தப் பகுதி என்று அந்தச் சொல் சொல்லவில்லை.

ஜன்னலில் தனியாக மாற்றக்கூடியவை நிறைய. இரட்டைக் கண்ணாடியின் நடுவே மங்கலாக ஈரம் தெரிந்தால் விளிம்பின் அடைப்பு விட்டுப்போயிற்று, உள்ளே இருக்கும் ஈரமுறிஞ்சி மணிகள் நிரம்பிவிட்டன என்று பொருள். அதற்குக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும். கண்ணாடி விளிம்பில் பூசும் மக்கு (புட்டி) உதிர்ந்திருந்தால் மக்கு மட்டும். இடுக்கில் காற்று புகுந்தால் ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ போதும். கீல் தளர்ந்து கதவு தொங்கினால் திருகுத்துளையில் மரக்குச்சி அடித்து மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். இவை எல்லாமே பகுதி மாற்றுத்தான். இன்சர்ட்டுக்கும் இதே பெயரைக் கொடுத்தால், கண்ணாடி மாற்ற வந்தவருக்கு முழு ஜன்னலையே விற்றுவிட இடம் கிடைக்கும்.

(கையேட்டில் ஈரம் பற்றி எழுதும்போது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். நடுவே ஈரம்: அடைப்பு போயிற்று. அறைப்பக்கம் ஈரம்: அறைக்காற்றில் ஈரம் கூடியிருக்கிறது அல்லது கண்ணாடி மிகவும் குளிர்ந்திருக்கிறது. விடியற்காலையில் வெளிப்பக்கம் ஈரம்: அறையின் வெப்பத்தைக் கண்ணாடி வெளியே விடவில்லை. கடைசியாகச் சொன்னது கோளாறே இல்லை.)

முடிவைத் தீர்மானிப்பது நிலைதான். அதைச் சோதிக்க ஒரு குத்தூசி போதும். அடிச்சட்டத்தின் இரு முனைகளிலும், நிலைக்கால்களின் கீழ் 150 மி.மீ. பகுதியிலும், மூலைப்பூட்டுகளிலும் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடும். நெம்பினால் நீளமான சிம்பு எழும்பும். அழுகிய மரத்தில் ஊசி தானாக இறங்கும், நெம்பினால் துண்டாக நொறுங்கும். பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்பக் கூடாது, அழுகல் அதற்கு அடியில்தான் பரவும். ஈரமானி இருந்தால் 20 விழுக்காட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். அதற்கு மேலே நிலையாக நின்றால் பூஞ்சைக்குச் சாதகம்.

அடுத்தது மூலைவிட்டம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வேறுபாடு 6 மி.மீ.க்குள் இருந்தால் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அதைத் தாண்டினால் சதுரமான புது ஜன்னல் கோணலான நிலைக்குள் உட்காராது. ஒரு மூலையில் விரல் நுழையும் இடைவெளி விழும். அதன் மேல் பட்டை அடித்து மூடிவிட்டுப் போவார்கள், காற்றும் நீரும் அந்தப் பட்டைக்குப் பின்னால் நடமாடும்.

ஆகவே சொல்லில் ‘நிலை’ வர வேண்டும் என்பது என் கருத்து. நிலை இருக்கிறதா, போகிறதா? அதைச் சொல்லும் சொல் வேண்டும்.

———

அனுப்புநர்: சொல்லாய்வில் ஈடுபடுபவர்

> ஆகவே சொல்லில் ‘நிலை’ வர வேண்டும் என்பது என் கருத்து.

உடன்படுகிறேன். ‘சட்டம்’ இங்கே உதவாது. கதவின் நெடுக்குக்கட்டையும் குறுக்குக்கட்டையும் சட்டம்தான், அரசு இயற்றுவதும் சட்டம்தான். சுவரில் ஊன்றி நிற்பதற்கு நிலை என்ற பெயர் முன்பே இருக்கிறது: நிலைக்கதவு, நிலைவாசல், நிலைக்கால். புதிதாக எதையும் படைக்க வேண்டாம்.

ஆனால் ‘நிலை’ என்று தொடங்கிக் கூட்டுச்சொல் செய்தால் ஒரு சிக்கல் வரும். ‘நிலைமாற்றம்’ என்றால் இயற்பியல் படித்தவருக்குப் பனிக்கட்டி நீராவதுதான் நினைவுக்கு வரும். ‘நிலைநிறுத்தல்’ என்றால் நிறுவுதல். ‘நிலைகாப்பு’ பராமரிப்புபோல ஒலிக்கிறது.

ஃபுல் ஃப்ரேமுக்கு ‘நிலைபெயர்ப்பு’ என்று வைக்கலாம். ‘நிலைபெயர்தல்’ இலக்கியத்தில் இடம் விட்டு நகர்தல் என்ற பொருளில் வரும், அது தன்வினை. ‘பெயர்த்தல்’ பிறவினை, கொத்தனார் வாயில் அன்றாடம் புழங்குவது: நிலையைப் பெயர், பூச்சைப் பெயர். உளியும் கடப்பாரையும் வேலைக்கு வருகின்றன, தூசி எழும், பூச்சு உடையும் என்பதை அந்த வினையே சொல்லிவிடுகிறது.

இன்சர்ட்டுக்கு இரண்டு பரிந்துரைகள்: ‘உட்பதி’ அல்லது ‘உட்செருகல்’. உட்பதி ஜன்னல், உட்பதித்தல், உட்பதி அளவு என்று கிளைக்கும். ‘காலதர்’ என்ற பழஞ்சொல்லைக் கொண்டு ‘உட்காலதர்’ என்றும் ஆக்கலாம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எவ்வளவு தெளிவான சொல்! ஆனால் வீட்டுக்காரர் கையேட்டில் ஜன்னல் என்றே இருக்கட்டும். போர்த்துகீசியத்திலிருந்து வந்து எல்லார் நாவிலும் பழகிவிட்ட சொல் அது.

———

அனுப்புநர்: கட்டடப் பொறியாளர்

வணக்கம். ‘நிலைபெயர்ப்பு’ மிகப் பொருத்தம். ‘உட்பதி’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘பதித்தல்’ என்றால் தரையில் கல் பதிப்பதுபோல, சுவருக்குள் குழாய் பதிப்பதுபோலச் சாந்து வைத்து அசையாமல் பிடிக்க வைப்பது. இந்த முறையில் செய்யக் கூடாத வேலையே அதுதான். புதுச் சட்டத்தைச் சுற்றிலும் நெகிழும் இடைவெளி கட்டாயம். யூபிவிசி என்ற கெட்டியான பிளாஸ்டிக்கின் வெப்பவிரிவு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 0.07 மி.மீ. 2 மீட்டர் நீளச் சட்டம் 40 பாகை வேறுபாட்டில் 5.6 மி.மீ. நீளும். அலுமினியம் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும். சாந்து வைத்து இறுக்கினால் யூபிவிசி வளைந்து கதவு மாட்டிக்கொள்ளும். அலுமினியத்துக்கு இன்னொரு கேடும் உண்டு: ஈரச் சிமென்ட்டின் காரம் அதை அரித்துவிடும்.

‘செருகல்’ நேர்மாறு. பூவைச் செருகுகிறோம், திரும்ப எடுக்கிறோம். ஜன்னல் அப்படித் தளர்வாக நிற்பதில்லை, திருகி முடுக்கப்படுகிறது.

வேலையாட்கள் இயல்பாகச் சொல்லக்கூடிய தொடரையே எடுத்தால் என்ன? ‘நிலைக்குள் நிலை’. ஒரு சொல்லாக இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

இதில் ஒரு கூடுதல் பயன் உண்டு. நிலைக்குள் இன்னொரு நிலை வந்தால் கண்ணாடி சுருங்கும் என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும். 600 மி.மீ.க்கு 1200 மி.மீ. கண்ணாடி நான்கு பக்கமும் 30 மி.மீ. உள்ளே நகர்ந்தால் 540-க்கு 1140 ஆகும். 0.72 சதுர மீட்டர் 0.62-க்கு வந்துவிடும், அதாவது ஏழில் ஒரு பங்கு வெளிச்சம் போயிற்று. சின்ன ஜன்னலில் இழப்பின் விகிதம் இன்னும் அதிகம். படுக்கையறையில் தீ விபத்தின்போது வெளியேற அந்த ஒரு ஜன்னல்தான் வழி என்றால், ஆள் நுழையும் திறப்பு மிஞ்சுகிறதா என்று ஆர்டருக்கு முன்பே அளந்தாக வேண்டும். ‘இன்சர்ட்’ என்ற சொல் இதை மறைக்கிறது. ‘நிலைக்குள் நிலை’ மறைக்கவில்லை.

———

அனுப்புநர்: தச்சுத்தொழில் பயிற்றுநர்

> ‘நிலைக்குள் நிலை’. ஒரு சொல்லாக இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

இதற்கு என் முழு ஆதரவு. அளவு எடுக்கும் பத்தியும் இதனால் நேராகிறது, ஏனெனில் இரண்டு முறைக்கும் அளக்கும் இடம் வேறு.

நிலைக்குள் நிலை என்றால் பழைய நிலையின் உட்பக்கத்தை அளக்கிறோம். அகலம் மேலே, நடுவே, கீழே. உயரம் இடம், நடு, வலம். இரண்டிலும் மிகச் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும், சராசரி கூடாது. அதிலிருந்து அகலத்திலும் உயரத்திலும் சுமார் 6 மி.மீ. கழிப்பது வழக்கம், தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுவே சரி. அவர் கேட்பது திறப்பின் அளவா, ஜன்னலின் அளவா என்று எழுத்தில் உறுதிசெய்யுங்கள். இருவருமே கழித்துவிட்டால் ஜன்னல் தொளதொளவென்று வரும்.

நிலைபெயர்ப்பு என்றால் சுவர் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளவு. பூச்சு மூடியிருப்பதால் ஒரு மூலையில் பூச்சைத் தட்டிப் பார்க்காமல் இந்த அளவு கிடைக்காது. நிலை இல்லாமல் சுவரில் இருக்கும் வெறும் திறப்பை ரஃப் ஓபனிங் என்கிறார்கள், அதற்குச் ‘சுவர்த்திறப்பு’ போதும், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். பெயர்ப்பதற்கு முன் மேலே சுவர்ப் பாரத்தைத் தாங்கும் லிண்டல் இருக்கிறதா, நிலையின் மேல்சட்டத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். லிண்டல் தொய்ந்து நிலையின் மேல் உட்கார்ந்திருந்தால் முட்டுக் கொடுக்காமல் நிலையை எடுக்கக் கூடாது. நிலையைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குள் போகும் ஹோல்ட்ஃபாஸ்ட் கம்பிகளை அறுத்துவிட வேண்டும். இழுத்தால் விளிம்புச் செங்கல்லும் கூடவே வரும்.

இரண்டு முறையிலும் பழைய பெயின்ட்டைக் கவனியுங்கள். ஈயம் கலந்ததாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டவோ தீச்சுடர் காட்டவோ கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்த அறைப்பக்கமே வரக் கூடாது.

மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னல்களில் நிலைக்காலுக்குப் பின்னால் எடைக்குண்டு தொங்கும் பொந்து இருக்கும். நிலைக்குள் நிலை வைக்கும்போது கயிற்றையும் குண்டையும் எடுத்துவிட்டு அந்தப் பொந்தை வெப்பக்காப்புப் பஞ்சால் அடைக்க வேண்டும். அதை அப்படியே விட்டால் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் காற்று பொந்து வழியாக வரும். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டரில் ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சுமார் 5.8 வாட் வெப்பத்தை விடும். சாதாரண இரட்டை 2.8 வாட், வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சும் நடுவே ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டை 1.2 வாட்டை ஒட்டி. பொந்தை மறந்தவர் இந்த வேறுபாட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை வீணாக்குகிறார்.

முடுக்கும்போது ஆப்பு இரண்டிரண்டாக எதிரெதிரே வர வேண்டும், திருகு ஆப்பு இருக்கும் இடத்திலேயே இறங்க வேண்டும். ஆப்பில்லாத இடத்தில் முடுக்கினால் நிலைக்கால் வில்லாக வளையும். இடைவெளியை நிரப்பும் நுரையும் குறைவாக உப்பும் வகையாக இருக்கட்டும். சாதாரண நுரை உப்பி இரு கால்களையும் உள்ளே தள்ளிவிடும், மறுநாள் கதவு திறக்காது.

———

அனுப்புநர்: சொல்லாய்வில் ஈடுபடுபவர்

‘நிலைக்குள் நிலை’ ஏற்கத்தக்கதே. ‘உட்பதி’யைத் திரும்பப் பெறுகிறேன். பெயரடையாக வரும்போது ‘நிலைக்குள்நிலை ஜன்னல்’ என்று சேர்த்து எழுதலாம்.

ஃப்ளாஷிங்குக்கு ‘வடிதகடு’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் அது எப்போதும் தகடாக இருப்பதில்லையே?

———

அனுப்புநர்: கட்டடப் பொறியாளர்

> ஆனால் அது எப்போதும் தகடாக இருப்பதில்லையே?

ஆமாம், இப்போது பெரும்பாலும் ஒட்டும் பட்டைதான். செய்யும் வேலையை வைத்துப் பெயரிடலாம்: நீரை ஒதுக்கி வெளியே விடுகிறது, ஆகவே ‘நீரொதுக்கு’. நீரொதுக்குப் பட்டை, நீரொதுக்குத் தகடு, அடிச்சட்டத்துக்குக் கீழே வரும் தட்டுக்கு நீரொதுக்குத் தட்டு.

‘நீர்த்தடுப்பு’ என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. தடுப்பு என்றால் எல்லா விளிம்பையும் அடைக்கத் தோன்றும், பலரும் செய்யும் தவறு அதுதான். மழைநீர் எப்படியும் கொஞ்சம் உள்ளே வரும். வந்ததை வெளியே விட வேண்டும். எனவே பட்டையைக் கீழே முதலில் ஒட்ட வேண்டும், பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே. மேலுள்ளது கீழுள்ளதன் மீது ஏறிப் படிய வேண்டும், ஓடு வேய்வதுபோல. தட்டின் அறைப்பக்க விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், வெளிவிளிம்பு திறந்திருக்க வேண்டும். சட்டத்தின் அடியில் இருக்கும் வடிதுளைகளைச் சீலன்ட் போட்டு அடைத்துவிட்டால் நீர் அறைக்குள் திரும்பும்.

நிலைக்குள் நிலை முறையில் சுவருக்கும் பழைய நிலைக்கும் நடுவே உள்ள நீரொதுக்கைத் தொடவே முடியாது. அங்கே ஒழுகினால் ஜன்னலை மாற்றினாலும் ஒழுகும். இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

———

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. திருத்திய பத்தி:

“நிலை உறுதியாகவும் சதுரமாகவும் இருந்து, சுவருக்கும் நிலைக்கும் நடுவே ஒழுக்கு இல்லாமல், கண்ணாடி சற்றுச் சுருங்கினாலும் பரவாயில்லை என்றால் நிலைக்குள் நிலை வைக்கலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் நிலைபெயர்ப்பு. கண்ணாடியோ மக்கோ கீலோ மட்டும் கெட்டிருந்தால் இரண்டும் வேண்டாம். கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.”

———

அனுப்புநர்: தச்சுத்தொழில் பயிற்றுநர்

ஒரே ஒரு திருத்தம் ஐயா. “நிலை உறுதியாகவும்” என்பதை “அடிச்சட்டமும் நிலைக்கால்களின் கீழ்முனைகளும் உறுதியாகவும்” என்று மாற்றுங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு நிலை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அழுகல் கீழிருந்துதான் ஏறும்.

அடிமுனையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு அழுகியிருந்தால், நல்ல மரம் வரும்வரை சரிவாக வெட்டி அதே மரத்தில் ஒட்டுப்போட்டுவிட்டு நிலைக்குள் நிலை வைக்கலாம். நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் ஒட்டுப்போட வேண்டும். இதையும் அந்தப் பத்திக்கு அடியிலேயே சேர்த்துவிடுங்கள்.